பெரியம்மாவுக்குக் கணக்கு டியூஷன்

லே கெங்கின் வீடும் என் வீடும் எதிரெதிரே. ஒன்பதாவது மாடி, லிப்டிலிருந்து வலது கைப்பக்கம் கடைசி. பகலெல்லாம் இரண்டு கதவும் திறந்தே கிடக்கும், இரும்புக் கிராதி மட்டும் சாத்தியிருக்கும். அவள் அடுப்பில் பூண்டு வதங்கினால் என் வயிற்றில் பசியெடுக்கும். அந்த வீட்டில் நடந்ததில் நான் பார்க்காதது குறைவு. பார்க்காததையும் பார்த்ததுபோலச் சொல்வேன் என்று இந்த மாடியில் எனக்கொரு பேர் உண்டு. ஆனால் இப்போது சொல்லப்போவதில் நான் கைவைத்தது மிகக் கொஞ்சம்.

லே கெங் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். இருபத்திரண்டு வருஷமாக ஒரே வேலை. எதிரில் உட்கார்ந்தவரின் மூக்கில் கனத்த சட்டத்தை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்க வேண்டும். வாய்க்கு அதுவே பழகிப்போய் மீன் கடையிலும் அப்படித்தான் நிற்பாள். இரண்டு மீனைத் தூக்கிப் பிடித்து, இது தெளிவா, அது தெளிவா என்று மீனையே கேட்பாள். செங் வீயைக் கட்டிக்கொண்டதும் அப்படித்தான் என்பது என் ஊகம். இரண்டு பேரைப் பக்கத்தில் பக்கத்தில் நிற்கவைத்துக் கொஞ்சம் தெளிவாகத் தெரிந்தவனைக் கட்டிக்கொண்டிருப்பாள். செங் வீ பேருந்து ஓட்டுகிறான். காலை நாலரைக்குப் போனால் ஊரெல்லாம் சுற்றிவிட்டு வந்து தூங்குவான். பேசச் சொன்னால் அடுத்த நிறுத்தத்தில் பேசுவதாகச் சொல்லிவிடுவான்.

ஒரே மகள் ரூயென். பதினொரு வயது, தொடக்கநிலை ஐந்து. ஆண்டின் முதல் பருவத் தேர்வில் கணக்கில் முப்பத்தொரு மதிப்பெண் வாங்கி வந்தாள். அடுத்த வருஷம் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு. எங்கள் ஊரில் அந்தத் தேர்வு வரும் வருஷத்தில் அம்மாக்கள் வேலைக்கு விடுப்பு எடுப்பார்கள், பிள்ளை பெற்றதற்கு எடுத்ததைவிட நீளமாக.

"முப்பத்தொண்ணு, ஆன்ட்டி," என்று தாளைக் கிராதிக்குள் நீட்டினாள் லே கெங். "இப்பவே பிடிக்கலைன்னா கைவிட்டுப் போயிடும்."

பிள்ளை என்று அவள் சொல்லவில்லை, மதிப்பெண் என்றும் சொல்லவில்லை. அவளுக்கு இரண்டும் ஒன்றுதான். ஏன் என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அவளை வெறும் பைத்தியக்காரி என்று நினைத்துவிடுவீர்கள்.

லே கெங்குக்கு ஓர் அக்கா இருந்தாள். முய் சூ. இரண்டு வயது மூத்தவள். அக்காவுக்குக் கணக்கு வராது. தங்கைக்கு அக்காவின் கணக்கும் வரும். முய் சூவுக்குப் பதினொரு வயதில், அதே ஐந்தாம் வகுப்பில், இருபத்து மூன்று வந்தது. தாளில் அப்பா கையெழுத்துப் போட்டு மறுநாள் கொண்டுவரச் சொன்னார்கள். அப்பாவின் கையெழுத்தை ஒன்பது வயது லே கெங் அப்பாவைவிட நன்றாகப் போடுவாள்: ஒரு வளைவு, ஒரு வெட்டு, கடைசியில் எலிவால் மாதிரி ஓர் இழுப்பு. "ஒரே ஒரு தடவை போட்டுக் குடுடி," என்று அக்கா கேட்டாள். லே கெங் மாட்டேன் என்றாள். மாட்டேன் என்றதோடு நிற்காமல் தாளை எடுத்துப்போய் அப்பாவிடம் காட்டினாள். அப்பா கையெழுத்துப் போடவில்லை. கணக்கைத் திருத்திக்கொண்டு உள்ளே வா என்று பெரியவளைக் காரிடாரில் நிறுத்தினார். பிற்பகல் மூன்று மணி, மழை. முய் சூ படியிறங்கிக் கால்வாய்ப் பக்கம் போயிருக்கிறாள். தாளைத் தண்ணீரில் விட்டுவிடப் போனாளா, சும்மா நின்றாளா, யாருக்கும் தெரியாது. மழைத் தண்ணீர் ஏறும்போது கால்வாய்க் கரை சோப்பு மாதிரி வழுக்கும். மாலையில் அவளைத் தண்ணீரிலிருந்து தூக்கியபோது தாள் பாவாடைப் பையில் மடித்தபடி இருந்தது.

அந்தத் தாளைக் காயவைத்து, முய் சூவின் படத்துக்குப் பின்னால் சட்டத்துக்குள் செருகிவைத்தாள் அவர்கள் அம்மா. அம்மா போன பிறகு படம் லே கெங் வீட்டுப் பூசை மேசைக்கு வந்தது. தாளும் கூடவே வந்தது. கையெழுத்து இல்லாமலேயே.

அதனால்தான் லே கெங் ரூயெனைக் கண்ணிலிருந்து இறக்கமாட்டாள். பள்ளிப் பேருந்து ஏறும்வரை நிற்பாள். நீச்சல் வகுப்பு என்று பள்ளியிலிருந்து கடிதம் வந்தால் பிள்ளைக்குக் காதில் சீழ் என்று எழுதி அனுப்புவாள். மழை தூறினால் கடையிலிருந்து வீட்டுக்குப் போன் வரும். எங்கள் அடுக்குமாடிப் புளோக்குக்குப் பின்னாலும் ஒரு கால்வாய் ஓடுகிறது. அது வேறு பேட்டை, வேறு கால்வாய் என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன்.

"எல்லாக் கால்வாயும் ஒரே கடலுக்குத்தானே போவுது, ஆன்ட்டி," என்றாள். அந்தப் பக்கத்து ஜன்னல் திரையை அவள் விலக்கி நான் பார்த்ததில்லை.

ஆக, முப்பத்தொன்றுக்கு மருந்து தேடும் படலம் தொடங்கியது.

முதலில் ரயிலடிக் கடைத்தொகுதியில் இருக்கும் பெரிய டியூஷன் நிலையம். அதில் சேர நுழைவுத் தேர்வு. ரூயென் அதில் தேறவில்லை. கணக்கு வராததால்தானே அங்கே வருகிறோம் என்று லே கெங் கேட்டாள். வரவேற்பில் இருந்த பெண் புன்னகை மாறாமல், எங்கள் நுழைவுத் தேர்வுக்கு ஆயத்தப்படுத்த நாலாம் மாடியில் ஒரு வகுப்பு நடக்கிறது என்றாளாம். அதில் சேரவும் தேர்வு உண்டா என்று நான் விசாரிக்கச் சொன்னேன். லே கெங் விசாரிக்கவில்லை, உண்டு என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம்.

அடுத்தது தினமும் இருபது பக்கம் கூட்டல் கழித்தல் தாள்கள் கொடுக்கும் இடம். ரூயென் மூன்று வாரம் போனாள். பென்சில்தான் தேய்ந்தது.

அப்புறம் ஹிதாயா வந்தாள். பல்கலைக்கழகத்தில் படிக்கும் பெண், பன்னிரண்டாவது மாடி நோர்லியாவின் அக்கா மகள், அங்கேயே தங்கியிருந்தாள். வாரம் இரண்டு நாள் வீட்டுக்கே வருவாள். வாசலில் செருப்பை ஜோடியாகத் திருப்பி வைத்துவிட்டு வரும் பிள்ளை. ரூயெனுக்கு அவளைப் பிடித்திருந்தது. ஆனால் பாடம் நடக்கும் ஒரு மணி நேரமும் லே கெங் விடுப்புச் சொல்லி வந்து சோபாவில் உட்கார்ந்து, மகளின் பென்சில் முனையையே பார்த்துக்கொண்டிருப்பாள். மூன்றாம் வாரம் ஹிதாயா மெல்லச் சொன்னாள்.

"ஆன்ட்டி, ரூயெனுக்குக் கணக்கு தெரியுது. யாராவது பாத்துக்கிட்டே இருந்தா கை நின்னுபோகுது. நீங்க கொஞ்ச நேரம் உள்ளே போயி இருக்க முடியுமா?"

"என் வீட்டுல நான் எங்கே உக்காரணும்னு நீ சொல்றியா, பொண்ணு?"

"இல்ல ஆன்ட்டி, ஒரு மணி நேரம் மட்டும்..."

"ஒரு மணி நேரம் ரொம்ப நீளம்," என்றாள் லே கெங். அந்தக் குரல் எந்த மழை நாளிலிருந்து வருகிறதென்று எனக்குத் தெரியும். ஹிதாயாவுக்கு எப்படித் தெரியும்? அடுத்த செவ்வாய் அவள் வரவில்லை.

கடைசியில் லே கெங் மனத்துக்குப் பிடித்த இடம் ஒன்று கிடைத்தது. வகுப்பறைச் சுவர் முழுக்கக் கண்ணாடி. வெளியே வரிசையாக நாற்காலி போட்டிருந்தார்கள், பெற்றோர் உட்கார்ந்து பிள்ளைகளைப் பார்க்கலாம். மீன்காட்சி சாலை மாதிரி.

"இதுதான் ஆன்ட்டி தெளிவா இருக்கு," என்றாள்.

"உனக்குத் தெளிவா இருக்கு. அவளுக்கு?"

"நீங்க பேசாம இருங்க."

ஒரே ஓர் இடம் இருந்தது. வகுப்பு தொடங்கும் நாளோ சீன நாட்காட்டியின் ஏழாம் மாதத்துக்குள் விழுந்தது. அந்த மாதம் செத்துப்போனவர்கள் வந்து போகும் மாதம். புதுவீடு போகமாட்டோம், புதுக்கடை திறக்கமாட்டோம், பிள்ளையைப் புது வகுப்பில் சேர்ப்போமா? மாதம் முடியும்வரை இடத்தைப் பிடித்துவைக்கச் சொன்னாள். அந்த நிலையத்துக்காரருக்கும் வீட்டில் அம்மா இருந்திருக்க வேண்டும், உடனே சரி என்றார்.

இனிமேல்தான் அந்தத் தப்பு.

ஏழாம் மாதம் முய் சூவுக்கு லே கெங்கின் அம்மா ஒரு வழக்கம் வைத்திருந்தாள். போனவர்களுக்கு எரித்து அனுப்புவதற்கென்றே காகிதப் பொருள் கடையில் காகித வீடு கிடைக்கும், காகிதக் கார், காகிதக் கைபேசி, காகித வேலைக்காரப் பெண்கூடக் கிடைப்பாள். காகிதக் கணக்குப் புத்தகம் மட்டும் கிடைக்காது, அது ஏற்கெனவே காகிதம்தானே. அதனால் புத்தகக் கடையில் ஐந்தாம் வகுப்புக் கணக்குப் பயிற்சிப் புத்தகம் ஒன்று புதிதாக வாங்கி, அட்டையில் முய் சூவின் பேரை எழுதி, மற்றவற்றோடு சேர்த்து எரிப்பாள். பேர் எழுதாவிட்டால் அங்கே யார் யாரோ பிடுங்கிக்கொள்வார்கள். அம்மா போன பிறகு லே கெங் தொடர்ந்தாள். முப்பத்தொன்பது வருஷமாக ஐந்தாம் வகுப்புப் புத்தகம்தான். ஒரு வருஷமாவது ஆறாம் வகுப்புப் புத்தகம் வாங்கிப் போடேன் என்று நான் கேட்டிருக்கிறேன்.

"இன்னும் பாஸ் ஆகலியே, ஆன்ட்டி," என்றாள். சிரிக்கவில்லை.

அந்த வருஷம் ரூயெனும் ஐந்தாம் வகுப்பு. ஒரே புத்தகத்தில் இரண்டு வாங்கினாள் லே கெங். இரண்டுக்கும் அவளே அட்டை போட்டு, அவளே பேர் எழுதினாள். மாதம் பிறந்த மூன்றாம் நாள் கீழே பொது இடத்துத் தகரப் பீப்பாயில் எல்லாம் எரித்துவிட்டு, கைநிறையச் சாம்பல் வாடையோடு மேலே வந்தாள்.

மறுநாள் லே கெங்குக்கு வார ஓய்வு. பள்ளி விட்டு வந்த ரூயென் பையைத் திறந்து கேட்டாள்: "அம்மா, என் புத்தகத்துல ஏன் பெரியம்மா பேர் இருக்கு?"

நான் என் வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். லே கெங் எழுந்து வந்தது எனக்குக் கேட்டது. தலையை நீட்டிப் பார்த்தேன். அவள் அந்தப் புத்தகத்தைச் சுடும் பாத்திரம் மாதிரி விரல் நுனியில் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்படியென்றால் எரிந்தது மற்றது. உயிரோடிருக்கும் பிள்ளையின் பேர் எழுதிய புத்தகம், அந்தப் பேரே முகவரியாக, போனவர்கள் இருக்கும் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டது.

அன்றே காகிதப் பொருள் கடைக்கு ஓடினோம். கடைக்கார ஆ பூன் காகித வீட்டுக்குக் காகித ஓடு ஒட்டிக்கொண்டிருந்தான்.

"பேரு மாறிப் போச்சா? எழுதும்போது கண்ணாடி போட்டிருந்தியா? கண்ணாடிக் கடையிலதானே வேலை?"

"விளையாடாதே ஆ பூன். என்ன பண்றது?"

அவன் பசைத் தூரிகையைக் கீழே வைத்தான். "பார்சல் தப்பாப் போயிட்டா யாரு கையில போச்சோ அவங்ககிட்டத்தான் கேக்கணும். உன் அக்கா கையிலதானே போயிருக்கு, அந்நியமா? ஆனா அவங்க பேரைப் பாப்பாங்க. யாருடா இதுன்னு தேடுவாங்க. மாசம் மூடறவரைக்கும் பிள்ளையைத் தண்ணிப் பக்கம் விடாதே. எதையும் புதுசா ஆரம்பிக்காதே. கடைசி நாள் சரியான புத்தகத்தை அனுப்பு."

"தேடி வந்தா?"

"சொந்தக்காரங்க வந்தா உக்காரச் சொல்லணும்," என்று மறுபடி ஓடு ஒட்டப் போய்விட்டான்.

செங் வீ அந்நேரம் வண்டியில் இருப்பான். லே கெங்குக்கு விடுப்பு மிச்சமில்லை. ஹிதாயாவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தே தீர்த்துவிட்டாள். ஆகவே பிற்பகல் இரண்டிலிருந்து நாலு மணிவரை ரூயெனைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு வந்தது. "உள்ளே போக வேணாம், ஆன்ட்டி. உங்க வாசல்ல இருந்து பாத்துக்கிட்டே இருந்தாப் போதும். கண்ணை எடுக்காதீங்க."

கண்ணை எடுக்கவில்லை என்று அவளிடம் சொன்னேன். கண்ணை மூடியிருந்தேன் என்பதுதான் உண்மை. பிற்பகல் இரண்டு மணிக்கு எந்த மனுஷி விழித்திருப்பாள்? மாடியே ஓய்ந்துகிடக்கும். வெயில் காரிடாரில் பாய் விரித்ததுபோல விழுந்திருக்கும். எதிர்வீட்டு ஊதுபத்தி வாசம் மட்டும் நகர்ந்து வரும்.

அப்படிக் கண்ணயர்ந்த மூன்றாவதோ நாலாவதோ நாள் ஒரு சத்தம் கேட்டது. நாற்காலியை இழுக்கும் சத்தம். பிறகு ரூயெனின் குரல்.

"உக்காருங்க பெரியம்மா. நேத்து எங்க விட்டோம்?"

கண்ணைத் திறந்தேன். சாப்பாட்டு மேசையில் ரூயென் ஒரு நாற்காலியில். எதிர் நாற்காலி வெளியே இழுத்துவிடப்பட்டிருந்தது, அந்த மாதத்துக் கூத்து மேடைக்கு முன்னால் முதல் வரிசையைப் போனவர்களுக்காக நாங்கள் காலியாக விடுவோமே, அதுபோல. முய் சூவின் படத்தை இறக்கி அந்தப் பக்கம் சாய்த்துவைத்திருந்தாள். நடுவில் பேர் மாறிய அந்தப் புத்தகம்.

"பாதியும் மூணுல ஒரு பங்கும் கூட்டினா அஞ்சுல ரெண்டுன்னு மறுபடி போட்டிருக்கீங்க. மேல உள்ளதையும் மேல உள்ளதையும் கூட்டி, கீழ உள்ளதையும் கீழ உள்ளதையும் கூட்டி... அப்படிப் பண்ணக்கூடாதுன்னு எத்தனை தடவை சொல்றது? இருங்க, கோச்சுக்காதீங்க."

பூசைத் தட்டிலிருந்து உரித்த பம்பளிமாஸை எடுத்து வந்தாள். "மொத்தம் பன்னெண்டு சுளை. பாதின்னா ஆறு. மூணுல ஒரு பங்குன்னா நாலு. ஆறும் நாலும் எவ்வளவு? பத்து. பன்னெண்டுல பத்து. நீங்க சொன்ன அஞ்சுல ரெண்டு பாதியைவிடக் கம்மி, பெரியம்மா. பாதிகூட இன்னும் கொஞ்சம் சேத்தா எப்படிக் கம்மியாகும்?"

இந்தப் பிள்ளைதான் முப்பத்தொன்று வாங்கியவள். இப்படி ஒரு விளக்கத்தை நான் பள்ளிக்கூடத்தில் கேட்டிருந்தால் என் வாழ்க்கையே வேறாகியிருக்கும்.

அவள் ஆறு சுளையைத் தன் பக்கமும் நாலு சுளையை எதிர்ப்பக்கமும் வைத்தாள், இரண்டை அம்மாவுக்கு என்று மூடிவைத்தாள். நாலு மணிக்கு லே கெங் வந்தபோது மூடிவைத்த இரண்டுதான் இருந்தது. ரூயென் ஒரே மூச்சில் பத்துச் சுளை தின்னக்கூடிய பிள்ளைதான், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் பாடம் முடிந்து அவள் எழுந்து கைகழுவப் போன பிறகு, எதிர் நாற்காலியின் ரெக்ஸின் மெத்தை, உட்கார்ந்தவர் எழுந்துபோனால் உப்புமே, அப்படி மெல்ல உப்பியதை நான் பார்த்தேன். நாற்காலிக்குக் கீழே தரை கொஞ்சம் ஈரமாக இருந்தது. மழை பெய்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

லே கெங்கிடம் நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நாற்காலியை விறகாக்கியிருப்பாள். அதோடு, தினமும் இரண்டு மணிக்கு எனக்குத் தூக்கம் வராமல்போனது. நான் கணக்குக் கற்றுக்கொண்டிருந்தேன்.

"ரூயென், பெரியம்மாவுக்கு ஏன் நீ சொல்லிக்குடுக்கறே?" என்று ஒருநாள் கிராதி வழியாகக் கேட்டேன்.

"என் புத்தகம் அவங்ககிட்ட இருக்கு, அவங்க புத்தகம் என்கிட்ட இருக்கு. சேந்து படிச்சாத்தான் சரியா வரும், ஆன்ட்டி." கொஞ்சம் யோசித்தாள். "அதுவுமில்லாம எங்க வீட்டுல என்னைவிடக் கணக்கு வராதவங்க அவங்க ஒருத்தர்தான்."

"அவங்களுக்கு வராதுன்னு உனக்கெப்படித் தெரியும்?"

"படத்துக்குப் பின்னால தாள் இருக்கே. இருபத்து மூணு." என்னைவிட எட்டுக் கம்மி என்று சொல்லி, அந்தப் படத்தின் பக்கம் திரும்பி மன்னிப்புக் கேட்பதுபோல நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மாதம் முடிய இரண்டு நாள் இருந்தபோது மழை வந்தது. சாதாரண மழையா? மூன்றாம் மாடி மீன்தொட்டியிலிருந்த மீன்கள் ஜன்னல் வழியாக வெளியே போய் நீந்திவிட்டுத் திரும்பி வந்தன என்று அந்த வீட்டுக்காரன் சொன்னான், நானும் மறுக்கவில்லை. இரண்டே முக்காலுக்குக் கால்வாய் உறுமுவது ஒன்பதாவது மாடிக்குக் கேட்டது. போன் அடித்தது, ரூயென் எடுக்கவில்லை. பாடத்தில் இருந்தாள்.

மூன்று மணிக்கு லிப்ட் கதவு திறந்தது. லே கெங் கடைச் சீருடையோடு, முடியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட ஓடி வந்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் நான் வெளியே வந்து மணிக்கட்டைப் பிடித்தேன்.

"சத்தம் போடாதே. இருக்கா. உள்ளேதான் இருக்கா. கேளு."

உள்ளே ரூயென் பேசிக்கொண்டிருந்தாள்.

"அழாதீங்க பெரியம்மா. மழைதான். வெளியே போக வேணாம், இங்கேயே உக்காந்திருங்க. கடைசிக் கணக்கு மட்டும் போட்டுடலாம். யாரும் பாக்க மாட்டாங்க. நானும் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன், நீங்க போடுங்க. எங்கம்மா பாத்தா எனக்கும் வராது. நான் கீழே விழப்போறேன்னு பாக்கற மாதிரியே பாப்பாங்க. உங்களையும் அப்படித்தான் பாத்தாங்களா?"

லே கெங் கிராதிப் பக்கம் ஓர் அடி வைத்தாள். அப்போது அவள் காலணி தரையில் கீச்சிட்டது. ரூயென் திரும்பிப் பார்த்தாள். கிராதிக்கு வெளியே அம்மா. அந்த நொடியே பிள்ளையின் முகம் மூடிக்கொண்டது. கையில் பென்சில் நின்றது. ஹிதாயா சொன்னாளே, அது இதுதான். இதை லே கெங் இவ்வளவு கிட்டத்தில் முன்னாலும் நூறு தடவை பார்த்திருப்பாள், தன் பயத்தைத் தவிர வேறொன்றும் கண்ணில் பட்டிருக்காது.

உள்ளே ஓடிப் பிள்ளையைக் கட்டிக்கொள்ளப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் என் கையை விலக்கினாள். மெல்லத் திரும்பி, வீட்டுக்கு முதுகைக் காட்டி, என் கதவைப் பார்த்து நின்றுகொண்டாள். பின்னால் மழை, மழைக்குப் பின்னால் கால்வாய். கண்ணை இறுக்கி மூடியிருந்தாள்.

பிறகு காகிதத்தில் பென்சில் ஓடும் சத்தம் கேட்டது.

நான் மட்டும் உள்ளே பார்த்தேன், எனக்கு யாரும் தடை போடவில்லையே. ரூயென் நாற்காலியில் திரும்பி, மேசைக்கு முதுகு காட்டி, அம்மாவைப் போலவே கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையும் மடியில்.

பென்சில் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

மாதத்தின் கடைசி நாள் பிற்பகல், ரூயென் ஒரு தாளை அம்மாவிடம் நீட்டினாள். பெரியம்மாவுக்கு அவள் வைத்த தேர்வு. பத்துக் கணக்கு, சிவப்பு மையில் ஒன்பது சரி. எழுத்து வலப்பக்கம் சாய்ந்திருந்தது. ஐந்து என்ற இலக்கம் எல்லாவற்றுக்கும் மேல்கோடு ஒட்டாமல் தொப்பி மாதிரி தனியாக மிதந்தது. பாதியும் மூன்றில் ஒரு பங்கும் சேர்ந்தால் ஆறில் ஐந்து என்று போட்டிருந்தது.

லே கெங் அந்த ஐந்தின் தொப்பியை விரலால் தொட்டாள். "அக்கா இப்படித்தான் எழுதுவா."

"தெரியும். பழைய தாளிலயும் அப்படித்தான் இருக்கு."

"அதைப் பாத்து நீ எழுதினியா, ரூ?"

பிள்ளைக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் டீச்சர், அம்மா. டீச்சர் போயி பரீட்சை எழுதுவாங்களா?" பிறகு படத்துக்குப் பின்னாலிருந்து பழைய தாளையும் உருவி எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். "ரெண்டுலயும் வீட்டுக் கையெழுத்து வேணும். இல்லாட்டி அங்க வாங்கிக்க மாட்டாங்க."

லே கெங் என்னைப் பார்த்தாள். நான் பேனாவைக் கொடுத்தேன்.

புதுத் தாளில் தன் கையெழுத்தைப் போட்டாள். பழைய தாள் அப்பளம் மாதிரி நொறுங்கும் நிலையில் இருந்தது. இருபத்து மூன்றுக்குக் கீழே வெறுமையாக ஒரு கோடு. பேனாவை அதன்மேல் வைத்தாள். பிறகு கை தானாகப் போனது: ஒரு வளைவு, ஒரு வெட்டு, எலிவால் மாதிரி ஓர் இழுப்பு. முப்பத்தொன்பது வருஷத்துக்குப் பிறகும் அப்பாவைவிட நன்றாகவே வந்தது.

"போட்டுட்டேன்டி," என்றாள். என்னையோ ரூயெனையோ பார்த்துச் சொல்லவில்லை.

வெளிச்சம் இருக்கும்போதே கீழே போய்ப் பீப்பாயில் புத்தகத்தையும் இரண்டு தாளையும் இட்டோம். இந்தத் தடவை பேரை மூன்று பேரும் மூன்று தடவை படித்தோம். ஆ பூன்கூடத் தன் கடையை விட்டு வந்து, லே கெங்கின் மூக்குக்கு நேரே புத்தகத்தைப் பிடித்து, "இது தெளிவா?" என்றான். அவள் சிரித்துவிட்டாள். பக்கத்தில் வைத்திருந்த ஆறாம் வகுப்புப் புத்தகத்தையும் எடுத்துப் போட்டாள். எப்போது வாங்கினாள் என்று எனக்குத் தெரியாது.

மறுநாள் கண்ணாடிச் சுவர் நிலையத்திலிருந்து போன் வந்தது. மாதம் முடிந்துவிட்டதே, வருகிறீர்களா? லே கெங் வேண்டாம் என்றாள். அடுத்து அவளே ஒரு போன் செய்தாள், பன்னிரண்டாவது மாடிக்கு.

"ஹிதாயா, கண்ணு, மறுபடி வர்றியா? நான் வீட்டுல இருக்க மாட்டேன். எதிர்வீட்டுல இருப்பேன். கதவைச் சாத்திக்குவேன்."

கடையில் வேலை நேரத்தை மாற்றிக்கொண்டு, இப்போது செவ்வாயும் வெள்ளியும் மூன்று மணிக்கு என் வீட்டுக்கு வருகிறாள். கதவைச் சாத்தி, அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, நான் கொடுக்கும் தேநீரை ஆறவிடுகிறாள். ரூயெனுக்குப் போன பருவத்தில் ஐம்பத்தெட்டு. ஊரே வியக்கும் மதிப்பெண் இல்லை. ஆனால் தாளில் அடித்தல் இல்லை, பாதியில் விட்ட கணக்கு இல்லை.

மழை நாட்கள்தான் இன்னும் கஷ்டம். போன வெள்ளி நல்ல மழை. லே கெங் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆன்ட்டி, உங்க காது நல்லாக் கேக்கும்ல? எத்தனை குரல் கேக்குது?"

எழுந்துபோய்க் கதவில் காதை வைத்தேன். ஹிதாயாவின் குரல் கேட்டது. ரூயெனின் சிரிப்புக் கேட்டது. இன்னும் கொஞ்ச நேரம் காதை எடுக்காமலே நின்றேன்.

"ரெண்டுதான்," என்றேன்.

"நிஜமாவா?"

அவள் முகத்தில் வந்தது நிம்மதியா ஏமாற்றமா என்று அந்த மங்கல் வெளிச்சத்தில் எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை.

"நான் என்னைக்குடி பொய் சொல்லியிருக்கேன்?" என்று சொல்லிவிட்டு, அவளுடைய தேநீரைச் சூடுபண்ண எடுத்துக்கொண்டு போனேன்.